சுமை கூடவில்லை, மலை ஏன் சரிந்தது?

தைப்பூசத்துக்குக் காவடியோடு ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் இளையோர் பலருக்கு அந்த மலையின் இன்னொரு கதை தெரியாது. 1973 அக்டோபர் 18 அன்று அதன் ஒரு பகுதி பெயர்ந்து, அடிவாரத்தில் வரிசையாக இருந்த வீடுகள் மீது விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டனர்.

காலங்காலமாக நின்ற பாறை ஒரு நாளில் எப்படிச் சரியும்? எல்லாப் பொருளும் சுமையை ஒரே மாதிரி தாங்குவதில்லை. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ரப்பரைத் தெரியும். இழுத்து விட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

துருவக் கடலில் உறையும் பனி வேறு மாதிரி. அதன்மேல் விமானங்கூட இறங்குகிறது. ஆனால் இறங்கிய விமானத்தை ஒரே இடத்தில் நெடுநேரம் நிறுத்த மாட்டார்கள். எடை அதேதான் என்றாலும், நேரம் ஆக ஆகப் பனி வளைந்து தாழ்ந்துகொண்டே போகும். மெதுவாக அழுத்தினால் வளையும் அதே பனி, திடீரென அழுத்தினால் வெடித்துப் பிளக்கும்.

நம் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைவதில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறை இடுக்குகளில் இறங்கிக் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்கிறது. குகைகள் உண்டானதும் இப்படித்தான். மரவேர்கள் இடுக்கை மேலும் விரிக்கின்றன. பாறையின் எடை கூடுவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் பகுதிதான் குறைகிறது. மிச்சமிருக்கும் பிடி போதாமல் போகும் நாளில் பாறை விழுகிறது. "இத்தனை வருஷம் நின்றதே, இனியும் நிற்கும்" என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

மலையோரத் தாமானில் முதல் வீடு வாங்க நினைக்கும் இளையோருக்கு நான் சொல்வது இது. சமையலறையைப் பார்க்கும் முன் மலையைப் பாருங்கள். சாம்பல் நிறப் பாறையில் புதிதாய் வெள்ளையாகவோ செம்மையாகவோ தழும்பு தெரிகிறதா? அடிவாரத்தில் புதுக் கற்கள் கிடக்கின்றனவா? முகப்பில் நீண்ட பிளவு உண்டா? பலத்த மழைக்குப் பிறகு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் பழையவர்களிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் நகராண்மைக் கழகத்திடமோ கனிமவள, புவி அறிவியல் துறையிடமோ விசாரியுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.