கதவை அடைத்தவர் யார்?

ஆயுதம் எடுத்தவனைக் குற்றவாளி என்று கூறுவது எளிது. அதற்கு முன் அவன் எத்தனை வருடங்கள் மனுவும் கையுமாக வாசலில் நின்றான் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. தென்னாபிரிக்காவின் வரலாறு இவ்விசாரணைக்குத் தக்க விடை தருகின்றது.

காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் 1906இல் பிறந்தது அந்த மண்ணிலேயாகும். 1912இல் தோன்றிய ஆபிரிக்க தேசிய காங்கிரசும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அறவழியிலேயே நடந்தது. மனுக் கொடுத்தார்கள், இலண்டனுக்குத் தூது சென்றார்கள். 1952இல் நிறவெறிச் சட்டங்களை அமைதியாக மீறி 8,000 பேருக்கு மேல் கைதானார்கள். அரசு அதற்கு அளித்த பதில் இன்னும் கடுமையான சட்டங்களே. 1960 மார்ச் 21இல், அனுமதிப் புத்தகச் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் நகரில் கூடியோர் மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகிலே. மறுமாதமே காங்கிரசும் தடைசெய்யப்பட்டது. இனி மனுக் கொடுப்பதும் குற்றம் என்றாயிற்று.

1961 டிசம்பர் 10இல் காங்கிரஸ் தலைவர் அல்பேர்ட் லுதூலி ஒஸ்லோ நகரில் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். ஆறே நாட்களில், மண்டேலா முதலியோர் அமைத்த ஆயுதப் பிரிவின் குண்டுகள் ஜொகன்னஸ்பேர்க்கில் வெடித்தன. பொறுமைக்குப் பரிசு கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. இளைஞர்கள் கண்ட பாடம் அதுவே.

எனினும், காரணம் வேறு, நியாயம் வேறு. உயிர்ச்சேதம் கூடாதென்ற கட்டளையோடு தொடங்கிய அதே பிரிவு 1983இல் பிரிட்டோரியாவில் வைத்த குண்டுக்கு 19 பேர் பலியாயினர். அவர்களுள் வழியே சென்ற அப்பாவிகளும் இருந்தனர். காங்கிரசும் மனித உரிமைகளை மீறியதென்று உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 1998இல் கூறத் தயங்கவில்லை. ஆயுதத்துக்கு நண்பனும் தெரியாது, வழிப்போக்கனும் தெரியாது.

சிறையும் தூக்குமேடையும் முப்பது ஆண்டுகளாக அக்கிளர்ச்சியை அடக்க முடியவில்லை. 1990 பெப்ரவரியில் தடை நீங்கியது; ஆகஸ்டில் காங்கிரஸ் ஆயுதப் போராட்டத்தை நிறுத்திவைத்தது. வேறு மோதல்களில் இரத்தம் சிந்தியபோது இடையில் முறிந்த பேச்சு மீண்டும் தொடர்ந்து, 1994இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது.

காய்ச்சலை மட்டும் தணித்து நோயை வளரவிடுவது வைத்தியமாகாது. வன்முறையைக் கண்டிக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால், அமைதியாக வந்தவன் முகத்தில் கதவை அடைத்தவரையும் அதே குரலில் கண்டித்தவருக்கே அவ்வுரிமை முழுமையாகப் பொருந்தும்.