மூடி மேல தணல்... ஆயாவின் பன்னிக்கறி ரோஸ்ட்!

ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகைக்கு ரூம் தேடி அலைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணி வருமா என்று நாம் ஆரம்பிப்பதற்குள் ஹவுஸ் ஓனர் ஆரம்பித்துவிடுவார். எந்த கம்பெனி? எந்த ஷிஃப்ட்? எத்தனை பேர்? நாலாவது கேள்வி மட்டும் கொஞ்சம் குரல் தாழ்ந்து வரும். "நான்-வெஜ் சமைப்பீங்களா?" சிக்கன் என்றால் தலையாட்டுவார். மீன் என்றால் யோசிப்பார். யாராவது உண்மையைச் சொல்லி "போர்க்" என்றுவிட்டால் முடிந்தது. அந்த மாடி ரூமுக்கு அன்று காலையில்தான் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்!

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் வரும், அடுத்து ஒரகடம். கம்பெனி பஸ்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிற ரூட். அசாம், மணிப்பூர், ஒடிசா, பீகார் என எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இங்கே ஒரு போர்ஷனில் நாலு பேராக இருக்கிறார்கள். ஓ.டி.ஜி. வாங்கிவிட்டு கேக் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை என்று நிறைய பேர் இந்தப் பகுதிக்குக் கேட்டிருந்தீர்கள். அதனால் இந்த வாரம் என் குடும்பத்துச் சமையல் ஒன்று. ஓவனில் நிதானமாக வேகும் பன்றிக்கறி ரோஸ்ட். சாப்பிடாதவர்கள் கோபப்படாமல் தாண்டிப் போகலாம், அடுத்த வாரம் கத்திரிக்காய்!

என் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பரங்கிமலையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் சமையல் வேலை பார்த்தவர். பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் பக்கமெல்லாம் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய பேர் வாழ்ந்தார்கள். ரயில்வே வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச், மதியம் ரோஸ்ட். ஐரோப்பாக்காரர்களின் ரோஸ்ட்டை எடுத்து, அதில் நம் ஊர் மிளகு, இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாயைப் போட்டு, போர்ச்சுகீசியர் வழியாக வந்த வினிகர் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்ட சமையல் அவர்களுடையது. கோவா விண்டாலு இதற்குக் கிட்டத்து சொந்தம்.

அந்த வீட்டில் அவன் இருந்தது. சேரப்பணஞ்சேரி கூரை வீட்டில் ஏது அவன்? ஆயா தானே ஒன்றைச் செய்துகொண்டார். அடுப்பில் மெல்லிய தணல், அதன்மேல் கனமான சட்டி, சட்டிக்கு இரும்புத் தட்டு மூடி, மூடி மேலே கனிந்த தணல். கீழிருந்தும் மேலிருந்தும் சூடு. இன்று கடையில் விற்கிற ஓ.டி.ஜி.க்குள் இருக்கும் இரண்டு கம்பிகள் செய்கிற அதே வேலை. அவசரப்படுத்தினால் ஆயா சொல்வார்: "கறி வேவறது வேற, உருகறது வேறடா."

ஆனால், இதெல்லாம் நடந்தது புழக்கடையில். தெருப் பக்கக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிப்பே. அக்கம்பக்கத்தில் கேட்டால் "கறிக்குழம்பு" என்று மட்டும் சொல்ல வேண்டும், என்ன கறி என்று சொல்லக் கூடாது. நாம் திட்டுவதற்கு எடுக்கிற முதல் பெயர்களில் ஒன்று "பன்னி". அதே மிருகம் ஓட்டல் மெனுவில் "போர்க்" என்று வந்தால் கௌரவம் வந்துவிடுகிறது. இந்த வெட்கம் ரொம்பப் பழசு என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் பெரும்பாணாற்றுப்படை பற்றிப் படித்தேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. நம்ம ஏரியா! அதில் கள் காய்ச்சும் வீடுகளில் ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, பல நாள் நெல் மாவு ஊட்டி, கொழுக்க வைத்து விருந்தாளிக்குப் போடுவது வருகிறது. பெண் பன்றிகளோடு சேரவிடாமல் தனியாக வைத்திருப்பார்களாம், கொழுப்பு குறையக் கூடாதென்று. யாரும் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்ததாகத் தெரியவில்லை.

இன்றைய பண்ணைக் கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. (பூந்தமல்லி காட்டுப்பாக்கம் இல்லை, பொத்தேரி பக்கம் இருக்கும் காட்டுப்பாக்கம்.) அங்கே உருவாக்கிய ரகம்தான் 'டானுவாஸ் கே.பி.எம். கோல்டு'. முக்கால் பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி. சாக்கடையோரம் திரிவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விஷயம். கடைக்கு வருகிற வெண்பன்றி பெரும்பாலும் கொட்டிலில் வளர்வது. சினைக்காலம் 114 நாள்தான். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள் என்று பண்ணைக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஓட்டல், கேன்டீன்களில் மிஞ்சும் சோறும் பல பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அதை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, எல்லோரும் பயப்படுகிற புழுவுக்கு வருவோம். "பன்னிக்கறி தின்னா மூளையில புழு வரும்" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாதிதான் உண்மை. நாடாப்புழுவின் கூடு உள்ள கறியை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டியாகி வலிப்பு வரை கொண்டுபோவது வேறு வழி. குடலில் புழு இருக்கிற மனிதரின் மலம் வழியாக வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத கீரை, காய் மூலமாக நம் வாய்க்குள் போவது. அதனால் வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் இது வரலாம். கறியில் இருக்கும் கூடு நல்ல சூட்டில் செத்துவிடும். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். ஆயாவின் மூன்று மணி நேரத் தணல் அந்த சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும். தெர்மாமீட்டர் இல்லாமலேயே அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டு மாடி போர்ஷன் கதை. கூரை போய் தளம் வந்து, மேலே ஒரு போர்ஷனும் கட்டினோம். போன வருஷம் அசாமிலிருந்து இரண்டு பெண்கள் குடிவந்தார்கள். அக்கா, தங்கை. அவர்களிடம் அந்த நாலாவது கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? எங்கம்மா! "நம்ம வீட்லயே செய்யறோம், அப்புறம் ஏம்மா?" என்றேன். "நாம செய்யறது தெருவுக்குத் தெரியாது. அவங்க செஞ்சா நம்ம பேர் கெடும்" என்றார். அந்தப் பிள்ளைகளும் "நோ ஆன்ட்டி, ஒன்லி சிக்கன்" என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாசம் அப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புது ஓ.டி.ஜி.யில் ரோஸ்ட் வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனதும் வாசனை கிளம்பியது. அதற்குக் கதவும் தெரியாது, தெருவும் தெரியாது. தங்கைக்காரி மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி நின்றுகொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் முதலில் பார்த்தது. கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் அம்மா உள்ளே போய் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். சாப்பிட்டு முடித்து அக்காக்காரி சொன்னாள், அவர்கள் வீட்டில் இதையே மூங்கில் குருத்து போட்டுச் செய்வார்களாம், ஊரைவிட்டு வந்து ஒரு தடவைகூடச் சாப்பிடவில்லையாம். "மேலயே செஞ்சுக்கோங்க" என்றார் அம்மா. கூடவே "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்க" என்றும் சொன்னார். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது இல்லையா!

இந்த ரூட்டில் வீட்டுச் சாப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற அளவுக்கு ஒரு விடுதிக் குடியிருப்பைத் திறந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து வைக்கிற சாம்பாரில் யார் வீட்டு ருசி இருக்கும்? ஸ்ரீபெரும்புதூரில் கொரிய ஓட்டல்கள் முளைத்ததும் இதே காரணத்தால்தான். ஹூண்டாய் 1996-ல் இங்கே வந்து, 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. காரோடு சேர்ந்து பன்றிக்கறி சுடும் மேஜை அடுப்பும் வந்துவிட்டது.

இனி சமையல். கறி வாங்குவதில்தான் பாதி வேலை. முன்னங்கால் தோள்பட்டைப் பகுதியில் ஒரு கிலோ, ஒரே துண்டாகக் கேளுங்கள். மேலே ஒரு விரல் கனம் கொழுப்பு இருக்கட்டும், அதை வெட்டி எறிந்தால் ரோஸ்ட் சக்கையாகிவிடும். கறி இளஞ்சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருக்க வேண்டும். கறிக்குள் அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் தெரிந்தால் வாங்காதீர்கள், அதுதான் புழுக்கூடு. மூத்திர வாடை அடித்தால் காயடிக்காத ஆண் பன்றியாக இருக்கும், எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது. விலை பெரும்பாலும் ஆட்டுக்கறியில் பாதிக்கும் கீழேதான். வைட்டமின் பி1 மற்ற கறிகளைவிட இதில் அதிகம். கொழுப்பும் உண்டு, அதனால் மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 4, கிராம்பு 4, ஒரு துண்டு பட்டை. இவற்றை வெறும் வாணலியில் சூடு காட்டி, 2 அங்குல இஞ்சி, 10 பல் பூண்டு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், 2 டீஸ்பூன் உப்பு, 2 டேபிள்ஸ்பூன் வினிகர் சேர்த்து மையாக அரையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. கறியில் கத்தி முனையால் அங்கங்கே குத்தி, அந்த ஓட்டைகளில் விழுதைத் திணித்து, மேலேயும் பூசுங்கள். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும். பி ஷிஃப்ட் முடிந்து வந்து பூசி வைத்தால் மறுநாள் சமைக்கத் தோதாக இருக்கும்.

ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஆழமான ஸ்டீல் அல்லது கண்ணாடித் தட்டில் மூன்று பெரிய வெங்காயத்தை வட்டமாக நறுக்கிப் பரப்பி, அதன்மேல் கொழுப்புப் பக்கம் மேலே வருகிற மாதிரி கறியை வையுங்கள். ஒரு கப் வெந்நீரைப் பக்கவாட்டில் ஊற்றுங்கள், கறி மேல் ஊற்றினால் மசாலா கழுவிக்கொண்டு போய்விடும். அலுமினிய ஃபாயிலால் இறுக்கி மூடுங்கள். வினிகர் இருப்பதால் ஃபாயில் கறியைத் தொடக் கூடாது. ஒன்றேகால் மணி நேரம் திறந்தே பார்க்காதீர்கள். அப்புறம் எடுத்து, பாதியாக வெட்டிய நாலு உருளைக்கிழங்கைச் சுற்றிலும் போட்டு, மறுபடி மூடி இன்னொரு மணி நேரம். முள் கரண்டியால் குத்தினால் கறி தானாக இழை பிரிய வேண்டும். பிரியவில்லையா? இன்னும் 20 நிமிஷம் கொடுங்கள்.

கடைசியில் ஃபாயிலை எடுத்துவிட்டு 220 டிகிரியில் 20 நிமிஷம். இங்கேதான் கொழுப்பு பொரிந்து மேல்புறம் பழுப்பாகும். இந்த நேரத்தில் ரீல்ஸ் பார்க்கப் போகாதீர்கள், ஓ.டி.ஜி. சின்னது, மேல் கம்பி கிட்டத்தில் இருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். வெளியே எடுத்ததும் வெட்டாமல் கால் மணி நேரம் விடுங்கள், சாறு உள்ளேயே நிற்கும். கரன்ட் செலவைப் பற்றிக் கவலையா? 1,500 வாட் ஓ.டி.ஜி. இடைவிடாமல் ரெண்டரை மணி நேரம் எரிந்தாலும் 4 யூனிட்டுக்குள்தான், உண்மையில் விட்டு விட்டு எரிவதால் இன்னும் குறையும்.

ஓவன் இல்லாதவர்கள் கறியை நாலு பெரிய துண்டாக்கி, குக்கரில் ஆறு விசில் விட்டு, அப்புறம் இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கோடு போட்டு சிறு தீயில் புரட்டிப் புரட்டிச் சிவக்க விடலாம். ருசி வரும், ஆனால் அந்த மேல் மொறுமொறுப்பு வராது.

தட்டின் அடியில் தேங்குகிற வெங்காயச் சாற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மீதியைச் சூடான சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். ஆயாவுக்குப் பிடித்தது பேக்கரி பன்னில் தொட்டுச் சாப்பிடுவது. மிச்சத்தை இழை இழையாகப் பிய்த்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது நன்றாகக் கொதி வரச் சூடாக்கி, பச்சை மிளகாய், வெங்காயம் வதக்கிப் புரட்டி, சப்பாத்திக்குள் சுருட்டி டிபன் பாக்ஸில் வைத்துவிடலாம். எங்கள் மாடி வீட்டுத் தங்கைக்கு ஏ ஷிஃப்ட் நாளில் அம்மா கட்டிக் கொடுப்பது இப்போதெல்லாம் அதுதான்.