நூற்பாலை எந்திரமும் சிப் எந்திரமும்

அமெரிக்காவும் சீனாவும் சிப்புக்காக மோதிக்கொள்வது எங்கோ நடக்கும் விவகாரம் என்று அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு நாம் நினைத்துவிட வேண்டாம். இதே மாதிரியான ஒரு போட்டியில் நம் கரிசல் சீமை ஏற்கெனவே சிக்கித் தோற்றிருக்கிறது.

2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா விதித்த தடையைப் பாருங்கள். உயர்தர சிப்புகளோ அவற்றைச் செய்யும் எந்திரங்களோ சீனாவுக்குப் போகக் கூடாது. அங்குள்ள உயர்தர சிப் ஆலைகளுக்கு அமெரிக்கக் குடிமக்கள் அனுமதியின்றி உதவவும் கூடாது. இது பழைய சட்டம்தான். 18ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டன் நூற்பு எந்திரங்களையும் கைதேர்ந்த தொழிலாளர்களையும் வெளிநாடு போகவிடாமல் தடுத்தது.

சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் 1789இல் அந்தத் தடையை மீறி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். எந்திரத்தின் அமைப்பு முழுவதும் அவர் மனதில் இருந்தது. (ஹிஃப்ளு செய்யும் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் நமக்கு இது பெரிய ஆச்சரியமில்லை.) மறு ஆண்டே ரோட் ஐலண்டில் நூல் ஓடியது. கடைசியில் பிரிட்டனே 1824இல் தொழிலாளர் தடையையும் 1843இல் எந்திரத் தடையையும் நீக்கியது.

நமக்கு என்ன கிடைத்தது? நம் சீமைப் பருத்தி ‘டின்னவேலி’ என்ற பெயரில் தூத்துக்குடி வழியாக மூட்டை மூட்டையாகப் போனது. பிறகு இங்கும் ஆலைகள் வந்தன, பிரிட்டிஷ் எந்திரங்களோடு. விலைக்கு வாங்கினோமே தவிர, செய்யக் கற்கவில்லை. நூற்பு எந்திரம் செய்ய கோவையில் லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸ் தொடங்கியது 1962இல்தான், அதுவும் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத் துணையோடு.

மூலப்பொருள் கையில் இருப்பதும் பலம்தானே என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் உலகம் பதறியது உண்மை. ஆனால் அவற்றைச் சுத்திகரிக்கும் தொழிலும் சீனாவிடம் இருக்கிறது. பஞ்சை மட்டும் கொடுத்த நம் நிலை வேறு.

மொஹாலியில் அரசின் செமிகண்டக்டர் ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 தீவிபத்தில் முடங்கி, பின்தங்கிவிட்டது. 2024இல் மத்திய அரசு குஜராத்தின் தொலேராவில் டாடாவின் 91,000 கோடி ரூபாய் ஆலைக்கு ஒப்புதல் அளித்தது. தொழில்நுட்பம் தைவானின் பவர்சிப் நிறுவனத்துடையது. முதல் சிப் வெளிவரும் நாளில் பத்திரிகைகள் கொண்டாடும். அந்த எந்திரம் பழுதானால் சரிசெய்ய வருபவர் எந்த நாட்டுக்காரர் என்று நாம் கேட்போம்.