புகார் சொல்வதற்கு மட்டும்தானா பெற்றோர்?

தாம்பரம், பல்லாவரம், பெரும்பாக்கம் பகுதிகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உழைக்கும் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பள்ளிக்கூடத்திலிருந்து உங்களைக் கடைசியாக எதற்குக் கூப்பிட்டார்கள்?" சாதிச் சான்றிதழ் நகல் கேட்டார்கள், ஆதார் கேட்டார்கள், வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள், பையன் சண்டை போட்டான் என்றார்கள், பெண் நான்கு நாளாக வரவில்லை என்றார்கள். பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். "உங்கள் பெண் கூட்டலில் தேறிவிட்டாள், கடன் வாங்கிக் கழிப்பதில்தான் தடுமாறுகிறாள், நாங்கள் இதைச் செய்கிறோம், வீட்டில் நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று சொல்வதற்காக அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இதை நிர்வாகத்தின் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று, பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது. கடமை தவறினால் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதே பிரிவு இடம் தருகிறது. வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்வது பள்ளி காட்டும் பெருந்தன்மை ஆகாது. அது பெற்றோரின் சட்டப்படியான உரிமை. இந்த உரிமை தங்களுக்கு இருக்கிறது என்பதையே யாரும் சொல்லாத மக்கள் யார் என்று பார்த்தால், அங்கே சாதி வந்து நிற்கிறது.

பெற்றோரைப் பற்றி இந்த மண்ணில் அரசு எப்படி யோசித்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் சென்னை மாகாணத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரை நேரம்தான் பள்ளி. மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிடர் இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்தத் திட்டத்தில் பெற்றோருக்கும் ஓர் இடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சலவை செய்பவரின் வீடு சலவையையும், செருப்புத் தைப்பவரின் வீடு செருப்புத் தைப்பதையும் பிள்ளைக்குக் கடத்த வேண்டும் என்ற இடம் அது. பிள்ளை பள்ளியில் என்ன படிக்கிறது, ஏன் படிக்கவில்லை என்று ஆசிரியரைக் கேட்கும் பெற்றோருக்கு அதில் இடமில்லை.

திட்டம் ஒழிந்தது. ஆனால், "இவர்களுக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்ற எண்ணம் ஒழிந்ததா? கையெழுத்துப் போடத் தடுமாறும் ஒரு தாயிடம் பாடத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்கிற மனம், குலக்கல்வியின் மிச்சத்தைத்தான் சுமந்து கொண்டிருக்கிறது.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கியது. பிறகு அது 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவானது. கொரோனா கால இழப்பை ஈடுகட்டி, எல்லாப் பிள்ளைகளையும் எழுத்தறிவு, எண்ணறிவு பெறச் செய்வது அதன் நோக்கம். பிள்ளைகளின் கற்றல் நிலை அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. நல்ல நோக்கம்தான், பெயர்களும் அழகானவைதான். ஆனால், மூன்றாம் வகுப்பில் இருக்கும் தன் மகன் 'அரும்பு' நிலையில் இருக்கிறான் என்றால் அவன் இன்னும் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான் என்று பொருள், அங்கிருந்து 'மொட்டு'க்கு நகர அவனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மதிப்பீட்டு விவரங்களை ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிறார். தகவல் வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் போகிறது. பள்ளிச் சுவருக்கு அடுத்த தெருவில் இருக்கும் வீட்டுக்கு அது போய்ச் சேருகிறதா?

மேலே மட்டும் போகும் தகவல் அதிகாரிகளுக்குப் புள்ளிவிவரம் ஆகிறது. வீட்டுக்கும் வந்தால்தான் அது பிள்ளைக்கு உதவும். அதுவும், ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒரு முத்திரையாக மாறிவிடும். 'இது இவ்வளவுதான்' என்ற முத்திரை, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் சேரிப் பிள்ளையின் மீதும் இருளர் பிள்ளையின் மீதும்தான் முதலில் குத்தப்படும். அதைக் கேள்வி கேட்கும் ஒரு குரல் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். அந்தக் குரல் பெற்றோருடையது.

சென்னையின் தென்புறநகரில் அந்தப் பெற்றோர் யார்? நகரின் நடுவிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்களில் பெரும்பகுதியினர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில்தான் குவிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 2019 டிசம்பரில் தீவுத்திடல் அருகே சத்தியவாணிமுத்து நகர் வீடுகள் இடிக்கப்பட்டபோது கல்வியாண்டு பாதியில் இருந்தது. குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது, ஆசிரியர் மாறுகிறார். பழைய பள்ளியில் எதுவரை படித்தாள் என்ற விவரம் வழியிலேயே தொலைந்து போகிறது.

பெரும்பாக்கத்துப் பெண்கள் வீட்டு வேலைக்காக 20 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் போகிறார்கள். விடியும் முன் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறார்கள். தூய்மைப் பணியாளர்கள் இருட்டோடு வேலைக்குப் போகிறார்கள். தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்துப் பெண்களுக்கு வேலை நேரம் முறைவைத்து மாறுகிறது. கட்டட வேலைக்கு வந்திருக்கும் வட மாநிலக் குடும்பங்களுக்குத் தமிழே புதிது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமோ பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில். அங்கே போக வேண்டுமானால் அரை நாள் கூலியை இழக்க வேண்டும். பிறகு, "இந்த மக்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை" என்று பேசுவது எவ்வளவு எளிது!

பெற்றோருக்குத் தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதை 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஈரோடு மாவட்டம் காட்டியது. பெருந்துறையை அடுத்த பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் கழிப்பறை கழுவ வைக்கப்பட்டார்கள் என்ற புகாரில் தலைமை ஆசிரியர் கைதானார். அது எப்படி வெளியே வந்தது? ஒரு சிறுவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, தாய் விசாரித்தபோதுதான் கழிப்பறை கழுவும்போது கொசு கடித்ததாக அவன் சொன்னான். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? மாதம் ஒரு முறை பெற்றோர் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்து பேசும் பள்ளியில் இப்படி நடக்கத் துணிச்சல் வருமா? பள்ளியில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவது, பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, அதன் மானத்துக்கும் காவல்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் பேசியாக வேண்டும். 'பெற்றோர்' என்பது சாதி கடந்த ஒரே கூட்டம் இல்லை. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், காலை உணவு சமைப்பவர் அருந்ததியர் என்பதற்காகச் சாதி இந்துப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. சில பெற்றோருக்குக் கூட்டமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். ஊரில் அவர்களுக்கு இருக்கும் இடமே போதும், பள்ளி செவி சாய்க்கும். அதனால்தான் முறையான, எழுத்தில் பதிவாகும், எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடு ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தேவைப்படுகிறது.

சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், பின்தள்ளப்பட்ட பிரிவுகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் பெரிய விழிப்புணர்வு நடத்தி, இந்தக் குழுக்களை அரசு மறுசீரமைத்தது. வரவேற்கத்தக்க வேலை. ஆனால், குழுவில் பெயர் இருப்பது வேறு, குழுவில் குரல் இருப்பது வேறு. எழுதி முடித்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் ஒரு தலித் தாயை உறுப்பினராக வைத்தால் அது சமூகநீதி ஆகாது. கழிப்பறையும் சுற்றுச்சுவரும் மட்டுமே பேசப்படும் குழுவில், பிள்ளைகள் படிக்கிறார்களா என்ற கேள்வி யாருடைய வேலை?

தாம்பரத்துத் தனியார் பள்ளிகளின் நிலை இன்னொரு விதம். கட்டணம் கட்டுகிறவருக்கு அங்கே நாட்குறிப்பும் வாட்சப் செய்தியும் பெற்றோர் நாளும் உண்டு. ஆனால், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21ஆம் பிரிவு பொருந்தாது. 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் ஏழைப் பிள்ளையின் பெற்றோர் அங்கே வாயிலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில்தான் சட்டம் அவர்களை விட்டிருக்கிறது. இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும்.

ஆசிரியர்களை எதிரியாக நிறுத்துவது நம் நோக்கம் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், செயலிக்கும் பதிவேட்டுக்கும் போக மிஞ்சும் நேரத்தில் பெற்றோருடன் பேசு என்றால் எப்படி முடியும்? ஆகவே கேட்க வேண்டியதை அரசிடமும் மாநகராட்சியிடமும்தான் கேட்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் அந்தக் குடியிருப்பு வளாகத்திலேயே நடத்துங்கள். அதற்கு ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்புத் தாருங்கள். ஒவ்வொரு பருவமும் பிள்ளையின் நிலையை, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி வாய்மொழியாக, புத்தகத்தைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். தேவைப்படும் இடத்தில் தெலுங்கிலும் இந்தியிலும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். செயலியில் ஏறும் மதிப்பீடு பெற்றோரின் கைப்பேசிக்குக் குரல் செய்தியாகவும் வரட்டும். மேலாண்மைக் குழுவில் எந்தச் சமூகப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். வீடு இடிக்கும் அதிகாரிகள், பிள்ளையின் கற்றல் விவரம் புதிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் பொறுப்பேற்கட்டும். எந்தக் குடும்பத்தையும் கல்வியாண்டின் நடுவில் அகற்றக் கூடாது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் வசந்தகுமாரி முதல் மேயரானார். அந்த மாநகராட்சியின் 70 வார்டு உறுப்பினர்களும் தங்கள் வார்டுப் பள்ளியின் குழுவில் உட்கார்ந்து இவற்றைக் கேட்க வேண்டும்.

நம் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. 1894இல் அயோத்திதாசப் பண்டிதரின் ஒத்துழைப்போடு ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கிய அடையாறும், ஆசிரியராக இருந்து பாடநூல் எழுதிய எம்.சி. ராஜா பிறந்த பரங்கிமலையும் இதே தென்சென்னையில்தான் இருக்கின்றன. எழுத்தை நமக்கு மறுத்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கி எடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். மன்றங்களிலும் மாலை வகுப்புகளிலும் பெற்றோரைக் கூட்டி, ஆசிரியரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்போம்: என் பிள்ளை இன்று எதுவரை படிக்கிறது? எங்கே தடுமாறுகிறது? அடுத்த கூட்டத்துக்குள் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், நான் என்ன செய்ய வேண்டும்?

இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டாம், கையெழுத்துக்கூட வேண்டாம். கைகட்டி நின்று பழகிய இடத்தில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த நாற்காலியைச் சட்டம் கொடுத்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இனி அதில் நம் மக்கள் உட்கார வேண்டும்.