பெண்கள் கால்பந்து ஜெயிக்கவில்லை, ஆர்சனல் ஜெயித்தது

2025 மே 24 அன்று லிஸ்பனில் நடந்த மகளிர் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஆர்சனல் 1-0 என்று பார்சிலோனாவைத் தோற்கடித்தது. ராத்திரியே ஒரு வாக்கியம் கிளம்பிவிட்டது: "யார் ஜெயிச்சா என்னங்க, பெண்கள் கால்பந்து ஜெயிச்சிடுச்சு." நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வாரம் கழித்து மியூனிக்கில் இன்டர் மிலானை பி.எஸ்.ஜி. 5-0 என்று அடித்தது. "ஆண்கள் கால்பந்து ஜெயிச்சிடுச்சு" என்று ஒருத்தராவது சொன்னாரா? சொல்ல மாட்டார். அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் அணிகள். இங்கே மட்டும் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து ஏதோ விழிப்புணர்வு ஊர்வலம் போனதாக நினைப்பு.

யார் ஜெயித்தால் என்னவா? பார்சிலோனா தொடர்ந்து ஐந்தாவது இறுதிப்போட்டியில் ஆடியது. முந்தைய இரண்டு வருடக் கோப்பையும் அவர்களுடையது. அரையிறுதியில் செல்சியை இரண்டு ஆட்டங்களிலும் 4-1 என்று துவைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆர்சனலோ தகுதிச்சுற்றில் இருந்து கிளம்பிய அணி. குழுச்சுற்றின் முதல் ஆட்டத்தில் பயர்னிடம் 5-2 என்று உதை. காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் முதல் ஆட்டம் தோல்வி. அப்புறம் லியோனுக்கே போய் 4-1. இறுதிப்போட்டியில் பெத் மீடையும் ஸ்டினா பிளாக்ஸ்டீனியஸையும் 67ஆவது நிமிடத்தில் ஒன்றாக உள்ளே இறக்கினார் பயிற்சியாளர் ரெனே ஸ்லெகர்ஸ். 74ஆவது நிமிடத்தில் மீட் தள்ளிவிட்ட பந்தை பிளாக்ஸ்டீனியஸ் கோலாக்கினார். ஐரோப்பாவையே மிரட்டிய நடுக்களத்துக்கு அன்று ஏன் ஒரு கோல்கூட வரவில்லை? அய்தானா பொன்மாத்தியைப் பற்றி அந்த ராத்திரி கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவர் உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதால்தான் கேட்கிறோம். குழந்தையின் ஓவியத்தைப் பார்த்துத்தான் நாம் "சூப்பர்டா கண்ணா" என்று சொல்லிவிட்டு நகர்வோம்.

"இப்பத்தானே வளருது, டைம் குடுங்க" என்பார்கள். இப்போதுதானா? 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் அணியைப் பார்க்கச் சுமார் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த டிசம்பரிலேயே, பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று தன் கிளப்புகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டது. அந்தக் கதவு திறக்கக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஆனது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. கூட்டம் வராததால் செத்த விளையாட்டு இல்லை இது. கூட்டம் வந்த பிறகு பூட்டப்பட்ட விளையாட்டு. அடைத்து வைத்தவர்களிடம் கணக்குக் கேட்காமல், வெளியே வந்தவளைப் பார்த்து "மெதுவா வளரும்மா" என்பது என்ன நியாயம்?

இந்தச் செல்லம் கொடுப்பதில் உண்மையான நஷ்டம் ஒன்று இருக்கிறது. கெட்டதையும் சேர்த்து மூடிவிடுகிறது. இந்தப் போட்டியின் முதல் கோப்பையை 2002இல் வாங்கியது எஃப்.எஃப்.சி. ஃபிராங்க்ஃபர்ட், பெண்களுக்கென்றே இருந்த கிளப். அடுத்த இரண்டும் ஸ்வீடனின் வடக்கே இருக்கும் ஊமியோவுக்கு. பிறகு போட்ஸ்டாம் இரண்டு முறை. 2015இல் ஃபிராங்க்ஃபர்ட் நான்காவது முறையாக ஜெயித்தது. அதற்குப் பிறகு கோப்பை லியோன், பார்சிலோனா, ஆர்சனலைத் தாண்டவில்லை. மூன்றும் பெரிய ஆண்கள் அணி உள்ள கிளப்புகள். ஃபிராங்க்ஃபர்ட்டே 2020இல் ஐன்ட்ராக்ட்டுக்குள் கரைந்துவிட்டது. ஆண்கள் கிளப்பின் பணம் வந்ததால் சம்பளமும் பயிற்சி வசதியும் உயர்ந்தது நிஜம். ஆனால் பெண்கள் கிளப்பாகவே நின்று கோப்பை வாங்கும் வழி அடைபட்டுவிட்டதே, அது யாருடைய வெற்றி? "பெண்கள் கால்பந்து ஜெயிச்சிடுச்சு" என்கிறவரால் இதைக் கேட்கவே முடியாது. அவர் கணக்கில் தோற்றவர் என்று யாருமே இல்லையே.

அதனால் அடுத்த இறுதிப்போட்டிக்கு ஊக்கம், ஆதரவு எல்லாம் வேண்டாம். ஆட்டத்தைப் பாருங்கள். சொதப்பினால் திட்டுங்கள், ஆஃப்சைடுக்குச் சண்டை போடுங்கள், பயிற்சியாளரைக் கிழியுங்கள். லிஸ்பனில் பார்சிலோனா தோற்றது. அந்தத் தோல்வியைத் தோல்வி என்று சொல்வதுதான் அந்த அணிக்கு நாம் தரக்கூடிய மரியாதை.