கணக்கில் வராத டாக்டர்

ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த 27 தேசங்களும் 2022 டிசம்பரில் ஒரு திட்டம் போட்டன. 2030-க்குள் நூற்றுக்கு 80 பேராவது கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் ஓரளவு பழகிவிட வேண்டுமாம். 2023-ல் எடுத்த கணக்குப்படி தேறியவர்கள் 56 பேர்தான்!

நல்ல திட்டம். யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்த நூறு பேர் யார் தெரியுமோ? 16 வயது முதல் 74 வரை உள்ளவர்கள். அதற்கு மேல் கணக்கே கிடையாது!

2022 தொடக்கத்தில் ஸ்பெயினில் நடந்ததைக் கேளுங்கள். வாலென்ஸியா நகரத்து டாக்டர் கார்லோஸ் ஸான் ஹுவான் ஓய்வு பெற்றவர், வயது 78. நடுக்குவாதத்தால் கை நடுங்கும். பாங்கிகளிலோ கவுண்ட்டர் நேரத்தைச் சுருக்கிவிட்டு, மெஷினையும் டெலிபோனையும் காட்டினார்கள். (காட்டுகிறவருக்கு ஒரு நாள் 78 ஆகாதா, என்ன?) மனிதர் சும்மா இருக்கவில்லை. "வயதானவன்தான், முட்டாள் அல்ல!" என்று கையெழுத்து வேட்டையில் இறங்கினார். ஆறு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சேர்ந்ததே இண்டர்நெட்டில்தான்!

பிப்ரவரியில் பாங்கிகள் இறங்கி வந்தன. காலை 9 முதல் பகல் 2 மணி வரை கவுண்ட்டர் திறந்திருக்கும், வயோதிகர்களுக்கே முதலிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன.