பொய்யை எழுதியவனே அழிக்க வேண்டும்!

வாங்கிய கடனைச் சொன்ன தவணையில் கட்டி முடித்தவரை நம் கடைவீதியில் என்னவென்று சொல்வோம்? நாணயஸ்தர் என்போம். அவரையே 'பாக்கிக்காரர்' என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னால்? ஊர் சொல்வது எடுபடாது, கம்ப்யூட்டர் சொல்வதே எடுபடும். இதுதான் இன்றைய நிலை!

சேவுகம்பட்டிச் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். வத்தலக்குண்டில் சின்னக் கடை வைத்திருக்கும் இளைஞர். தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குக் கடைசித் தவணை வரை கட்டி, பாக்கி இல்லை என்று சான்றும் வாங்கி வைத்திருக்கிறார். கடையைப் பெரிதாக்க ஒரு வங்கிக்குப் போனார். "மூன்று தவணை பாக்கி காட்டுகிறது, கடன் கிடையாது" என்றார்கள். பைனான்ஸ் கம்பெனிக்கு ஓடினார். "எங்கள் கணக்கில் பாக்கி இல்லை. பதிந்தவர்களைப் போய்க் கேளுங்கள்" என்றார்கள். பதிந்த நிறுவனமோ, "கடன் கொடுத்தவர் சொன்னால்தான் மாற்றுவோம்" என்றது. மூன்று வாசல் ஏறி இறங்கியும் ஒருவர் கூட, "தவறு எங்களுடையது" என்று சொல்லவில்லை!

"வட்டிக் கடனே நமக்கு ஆகாது. இந்தப் பேச்சு எதற்கு ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். வட்டி பற்றிய நமது நிலையில் மாற்றமில்லை. ஆனால் செல்போனைத் தவணையில் வாங்கினாலும், நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் உங்கள் பெயர் அந்த ஏட்டில் ஏறிவிடும். கடனே வாங்காதவர் பெயரிலும் ஏறும். 2022ல் இந்தி நடிகை ஒருவரின் பான் எண்ணில் வேறு யாரோ 2000 ரூபாய் கடன் வாங்கிய செய்தி வெளிவந்தது. ஊரறிந்த நடிகைக்கே இந்தக் கதி என்றால் உங்களுக்கும் எனக்கும் என்ன கதி?

இளைஞர்களே! இது கடனோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஸ்டேட் வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் அறிக்கை மோசம் என்று ரத்து செய்யப்பட்டது. அது சரியே என்று 2025ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் அறிக்கையில் ஒரு பொய் வரி இருந்தால் என்ன ஆகும்? சிந்தியுங்கள்!

இதை எழுதுபவர்கள் யார்?

நாட்டில் 4 நிறுவனங்கள் இந்த ஏட்டை வைத்திருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் கொடுக்கும் தகவலை இவை பதிகின்றன, அதை வைத்து 300 முதல் 900 வரை மார்க் போடுகின்றன. 2023 ஜூனில் இந்த நான்குக்குமே ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. மொத்தம் ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். நமக்கு மார்க் போடுகிறவர்களின் லட்சணம் இது!

அமெரிக்காவில் இதற்கு 1970லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே 2013ல் அரசு ஆணையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆய்வு செய்யப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, புகார் செய்த பிறகு திருத்தப்பட்ட பிழை ஒன்றாவது இருந்தது. புகார் செய்யாமல் இருந்திருந்தால்? அந்தப் பிழை அப்படியே இருந்திருக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது?

2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், தகவல் சரியாக இருக்க வேண்டிய பொறுப்பைக் கொடுத்தவர் மீதும் பதிந்தவர் மீதும் சுமத்துகிறது. புகார் வந்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் பதிந்தவர் திருத்த முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் கடன் கொடுத்தவருக்கு 21 நாள் கெடு. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. 21 நாளில் பதில் தராவிட்டால் கடன் கொடுத்தவர் தர வேண்டும். அவர் பதில் தந்தும் பதிந்தவர் இழுத்தடித்தால் பதிந்தவர் தர வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாருங்கள்! தகவலை 15 நாளுக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்பது 2025 ஜனவரி முதல் வந்த விதி. பழியைச் சுமத்த 15 நாள், துடைக்க 30 நாளா? அந்த 30 நாளில் ஒரு வியாபாரிக்குப் போகும் சீசனுக்கு 100 ரூபாய் ஈடாகுமா? தவறு அவர்களுடையது, அலைச்சல் நம்முடையது. இது என்ன நியாயம்?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பது அதன் கட்டளை. எழுதும் கையில்தான் பொறுப்பு இருக்கிறது. எழுதப்பட்டவர் நிரூபித்துக்கொண்டு திரிய வேண்டும் என்பது தலைகீழ் நியாயம்!

நாம் என்ன செய்ய வேண்டும்?

முஸ்லிம்கள் அதிகம் வாழும் சில பகுதிகளை, கடன் தர ஆகாத இடங்கள் என்று சில வங்கிகள் குறித்து வைத்திருந்ததை 2006ல் சச்சார் கமிட்டி வெளிப்படுத்தியது. ஏற்கெனவே பாதி சாத்திய கதவு. ஒரு பொய் வரி போதும், முழுதாகச் சாத்திவிட. ஆகவே சும்மா இருக்காதீர்கள்.

ஒன்று: நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வாங்கிப் படியுங்கள்.

இரண்டு: கடன் முடிந்த சான்றைப் பத்திரமாக வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

மூன்று: தவறு இருந்தால் பதிந்தவர், கடன் கொடுத்தவர் இருவருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தேதியும் புகார் எண்ணும் முக்கியம். வாய்ப்பேச்சுக்கு நஷ்டஈடு கிடையாது.

நான்கு: 30 நாள் கடந்தும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போங்கள். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

படித்த இளைஞர்களே! உங்கள் ஊர் வியாபாரிகளுக்கு இந்த மனுக்களை எழுதிக் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சேவுகம்பட்டிச் சகோதரருக்கும் இரண்டு மனு எழுதி, சான்றின் நகலை இணைத்து அனுப்பியிருக்கிறோம். இன்று பன்னிரண்டாவது நாள். எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களும் எண்ணட்டும்!